மெக்ரோரி அண்டு முதலியாரின் கடைசி பாட்டில்

செவ்வாய், காலை 9.10

சாமி அலமாரியில் சாமிகள் எல்லாரும் அவரவர் இடத்தில் இருந்தார்கள். விஸ்கி பாட்டிலை மட்டும் காணோம்.

லட்சுமி படத்துக்கும் சரஸ்வதி படத்துக்கும் நடுவே ஒரு சாண் இடம் காலியாக இருந்தது. அந்த இடத்துப் பலகை மட்டும் மற்ற இடங்களைவிடப் பளிச்சென்று இருந்தது. தேக்குக் கதவில் கீறல் இல்லை. பூட்டிலும் இல்லை.

எக்சைஸ் சப்-இன்ஸ்பெக்டர் சிவசங்கரி ஒரு கையால் அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரிட்டயர்மென்டுக்கு இன்னும் நான்கு மாதம். மாடிப்படி ஏறக்கூடாது என்று முட்டி டாக்டர் சொல்லியிருந்தார். இந்த வீட்டில் வாசலுக்கே ஏழு படி. முப்பத்தாறு வருட சர்வீஸில் கிணற்றுக்குள், வைக்கோல் போருக்குள், ஒருமுறை பாடை மூங்கிலுக்குள்கூடச் சரக்கைப் பிடித்திருக்கிறாள். சந்தனம், குங்குமம் வைத்துக் கும்பிடப்பட்ட சரக்கைப் பற்றிக் கேள்விப்படுவது இதுவே முதல் தடவை.

"மேடம், மொதல்ல ஒண்ணு சொல்லுங்க," என்றான் சுனில். வீட்டின் ஒரே மகன், நாற்பத்தைந்து வயது. "இந்த பாட்டில் எங்க வீட்ல இருந்ததே கேஸா?"

"எண்பத்தேழு வருஷமா இருந்திருக்கு. கேஸ் போடறதா இருந்தா, கண்டுபிடிக்காத எங்க டிபார்ட்மென்ட் மேலதான் போடணும்."

அந்தப் பயத்தில்தான் அவன் போலீசுக்குப் போகாமல், காலை நடையில் பழக்கமான இவளைக் கூப்பிட்டிருந்தான். சிவசங்கரி நடப்பது டாக்டருக்காக. பாதி தூரம் நடந்ததும் சுனிலின் கடை வாசலில் உட்கார்ந்துவிடுவாள். கடையின் பெயர்ப்பலகையில் இன்றும் 'மெக்ரோரி அண்டு முதலியார், 1868' என்றுதான் இருக்கிறது. இப்போது அங்கே விற்பது சோடாவும் தண்ணீர் கேனும்.

அலமாரியில் சாம்பிராணி மணம் இன்னும் தேங்கியிருந்தது. யாரோ தாராளமாகப் போட்டிருக்கிறார்கள். அதற்கு அடியில் லேசாக வேறொரு வாசனை. சிவசங்கரியின் மூக்குக்கு அது பழக்கமான வாசனைதான். மூளைதான் இன்னும் காபி குடித்திருக்கவில்லை.

கீழ்த்தட்டில் எறும்புகள் ஒரு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அவற்றுக்கு மட்டும் சோர்வே கிடையாது போல.

காலை 9.40

சுனிலின் மனைவி நளினி காபி கொண்டுவந்து வைத்தாள்.

"நேத்து என்ன நடந்தது?"

"காலைல ஏழு மணிக்கு எங்க மாமனாரு திருப்பதி கிளம்பினாரு. அவரு ஃப்ரெண்டு ராகவன் மாமா இறந்து இன்னிக்கு பன்னெண்டாம் நாள் காரியம். இவரு கடைக்குப் போயிட்டாரு. மத்தியானம் நான் மாடில ஏர்கூலர் போட்டுக்கினு படுத்துட்டேன். கீழ கமலம்மா மட்டும்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு விளக்கேத்த அலமாரியத் திறந்தா, இல்ல."

"சாவி?"

"பூஜை ரூம் ஆணில மாட்டியிருக்கும். யாரு வேணா எடுக்கலாம்."

"மத்தியானம் ஏதாவது சத்தம்?"

"ரெண்டே முக்காலுக்கு டமால்னு ஒண்ணு. தெருமுனை ட்ரான்ஸ்ஃபார்மர்தான் வெடிச்சிடுச்சுன்னு நெனச்சேன். ஆனா கரன்ட் போகல."

சித்தூரில் மே மாதத்தில் கரன்ட் போகாதது ஒரு சம்பவம்தான். சிவசங்கரி அதை மனசில் குறித்துக்கொண்டாள்.

"பாட்டில் போட்டோ இருக்கா?"

இரண்டு இருந்தன. ஒன்று ஏப்ரல் முதல் வாரம் சுனில் ஸ்காட்லாந்துக்கு அனுப்பியது. பச்சைக் கண்ணாடி, கிழிந்த லேபிள், கழுத்தில் சிவப்பு அரக்கு. எண்பத்தேழு வருட வெயிலில் கார்க் வழியே ஆவியாகி, விஸ்கி தோள்பட்டைக்குக் கீழே இறங்கியிருந்தது. மற்றொன்று போன வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் நளினி எடுத்து ஸ்டேட்டஸில் போட்டது. சந்தனப் பொட்டோடு கழுத்து வரை நிறைவாக இருந்தது பாட்டில்.

சிவசங்கரி இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

"சனிக்கிழமை ஸ்காட்லாந்துல இருந்து ஒரு அம்மா வர்றாங்க," என்றான் சுனில். "மெக்ரோரி கம்பெனிய இப்போ வெச்சிருக்கறவங்க. கம்பெனி சரித்திரம் எழுதறாங்களாம். பழைய கலவையோட செய்முறை எல்லாம் ஒரு தீ விபத்துல போயிடுச்சு. உலகத்துல எங்கயும் வேற பாட்டில் இல்ல. கார்க்ல ஊசி விட்டு ரெண்டு சொட்டு எடுத்து, அது என்ன ருசின்னு பார்க்கப் போறாங்க. நான் என்னன்னு பதில் சொல்றது?"

"யார் மேல சந்தேகம்?"

"சந்தேகம் என்ன, கமலம்மாதான். அவ புருஷன் ஒரு குடிகாரன். ஆறு மணிக்குள்ள பாட்டில் வரலன்னா ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துடுவேன்."

காலை 10.20

கமலம்மா சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது, நாகலாபுரத்துக்காரி. இருபத்திரண்டு வருடமாக இந்த வீட்டுச் சமையல். சிவசங்கரிக்குச் சொந்த ஊர் அடுத்த மண்டலம்தான். அந்தப் பேச்சைக் கேட்டதுமே யூனிஃபார்ம் கொஞ்சம் தளர்ந்தது.

"கையில இன்னா கட்டு?"

"அருவாமணை மேடம்."

"அருவாமணை வெட்டினா ஒரு வெட்டு. உனக்கு உள்ளங்கையில கட்டுக்கு வெளியவே நாலு கீறல் தெரியுது."

கமலம்மா வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே அழுதாள். வெங்காயம் வசதியாக இருந்தது.

"நான் எடுக்கல மேடம். எம் பொண்ணு பிரமிளா கான்ஸ்டபிள் பரீட்சைல பாஸ் பண்ணிக்கினு உக்காந்திருக்குது. அடுத்த வாரம் வீட்டுக்கு வந்து விசாரிக்கப் போறாங்களாம். ஆத்தா மேல திருட்டு கேஸுன்னா அது யூனிஃபார்ம் போட முடியுமா? மூணு வருஷம் விடியகாலைல எழுந்து ஓடிச்சு மேடம், கிரவுண்டுல."

"சாம்பிராணி நீ போட்டதா?"

"ஆமா."

"திங்கக்கிழமை எதுக்கு?"

கமலம்மா அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

சிவசங்கரி கேள்வியை மாற்றினாள். "எறும்பு ஜாஸ்தியா இருக்குதே. வெல்லம் கில்லம் சிந்திச்சா?"

"இந்த வீட்ல வெல்லம் எங்க மேடம் தங்குது? பெரியவருக்கு சுகரு. டப்பாவை அரிசி மூட்டைக்குப் பின்னால ஒளிச்சு வெச்சாலும் கண்டுக்கினு துன்றாரு. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ஒரே நாள்ல அரை கிலோ காலி. சின்னவரு அவரைத் திட்டினாரு பாருங்க... பாவம், ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லல."

சிவசங்கரி எழுந்தாள். முட்டி இரண்டும் தனித்தனியாகப் புகார் சொல்லின. அலமாரிக்குத் திரும்பி வந்து, இந்தத் தடவை கீழே பார்க்காமல் மேலே டார்ச் அடித்தாள். துடைக்கிறவர்கள் எப்போதும் கீழேதான் துடைப்பார்கள். மேல்தட்டின் அடிப்பக்கத்தில் பிறை மாதிரி ஒரு பள்ளம். பள்ளத்தில் சிவப்பு அரக்கு ஒட்டியிருந்தது. லட்சுமி படத்தின் ஜரிகைக் காகிதத்தில் நெல் அளவுக்கு ஒரு பச்சைக் கண்ணாடிச் சில்லு.

மூளைக்குக் காபி போய்ச் சேர்ந்துவிட்டது. சாம்பிராணிக்கு அடியில் இருந்த வாசனை என்ன என்று இப்போது தெரிந்தது. பிச்சாட்டூர் ஏரிக்குப் பின்னால் புதருக்குள் பானை பானையாக உடைத்த காலமெல்லாம், சாயங்காலம் வீட்டுக்குப் போனால் புடவையோடு கூட வந்த வாசனை.

யார் செய்தது என்பது மட்டும் பாக்கி.

காலை 11.30

"வேற ஏதாவது இருக்கா, அந்த பாட்டில் சம்பந்தமா?"

சுனில் ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்தான். "ராகவன் மாமா எழுதின கம்பெனி சரித்திரம். ஸ்ரீனிவாசராகவன். திருப்பதில ஹிஸ்டரி வாத்தியார். நைனாவுக்கு ஸ்கூல்ல இருந்து ஃப்ரெண்டு. ஸ்காட்லாந்து அம்மாவுக்குக் குடுக்கறதுக்காக எழுதினாரு. ஆஸ்பத்திரில படுத்துக்கினே முடிச்சாரு. போன வாரம் அவரு பையன் கோவிந்த் ஆள்கிட்ட குடுத்தனுப்பினான். நான் இன்னும் படிக்கல. வாட்ஸப்ல வந்திருந்தா படிச்சிருப்பேன்."

"அவரு குடிப்பாரா?"

"மேடம்! வெங்காயமே தொடமாட்டாரு. சொந்தக்காரங்க பாதிப் பேர் திருமலைல கோயில் கைங்கரியம்."

சிவசங்கரி ஊஞ்சலில் உட்கார்ந்து படித்தாள். வாத்தியார் மகா கறார்ப் பேர்வழி. ஒவ்வொரு வரிக்கும் நம்பர் போட்டு, பக்கத்தின் அடியில் ஆதாரம். ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தில் மெக்ரோரி சகோதரர்கள் தாங்களாக விஸ்கி காய்ச்சியவர்கள் அல்லர். பீப்பாய் பீப்பாயாக வாங்கி, கலந்து, பாட்டிலில் அடைத்துக் கப்பலேற்றிய வணிகர்கள். அப்போது வட ஆற்காட்டுக்குச் சித்தூர்தான் தலைநகரம். கலெக்டர்களும் ஜட்ஜுகளும் தாகத்தோடு இருந்தார்கள். வழியில் ஒரு பெட்டிகூடக் குறையாமல் கொண்டுசேர்த்த ஒரே ஏஜென்ட் ஐயாசாமி முதலியார். காரணம், அவர் ஒரு சொட்டும் தொடமாட்டார். அதனாலேயே பங்காளி ஆனார். முதலியாருக்கு இடது காது மந்தம் என்ற வரிக்குக்கூட '37' என்று போட்டுக் கீழே ஒரு கடிதத்தின் தேதி.

பிறகு 1938 அக்டோபர். சேலத்துக்கு அடுத்த வருடம் சித்தூர் ஜில்லாவுக்கும் மதுவிலக்கு வந்தது. அதே வாரம் ஆயுத பூஜை. சரக்கு எல்லாவற்றையும் ஊரைவிட்டு அனுப்பினார்கள். பூஜையில் வைத்த ஒரு பாட்டிலை எடுக்க மட்டும் யாருக்கும் கை வரவில்லை. மறுவருடம் அதற்கே பொட்டு வைத்தார்கள். ஆதாரம் 212, 213.

கடைசிப் பக்கத்தில் எழுத்து நடுங்கியிருந்தது. தேதி மே 5. ஒரே வரி.

'முதலில் நாக்கில் ஒரு பொறி. பிறகு மழையில் நனைந்த கோணிப்பை வாசனை. எல்லாம் போன பின்னால் தொண்டையில் வேப்பம்பூ ரசம் நிற்கிறது.'

சிவசங்கரி பக்கத்தின் அடியைப் பார்த்தாள். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"உங்க நைனா எப்ப வருவாரு?"

"அஞ்சு மணி ஆகும். போன் ஸ்விட்ச் ஆஃப். அவருக்கு இன்னும் விஷயமே தெரியாது."

"சரி. அஞ்சு மணிக்கு எல்லாரும் ஹாலுக்கு வந்துடுங்க."

மாலை 5.20

தணிகாசலம் ஏழு படியையும் நின்று நின்று ஏறி வந்தார். எழுபத்தைந்து வயது. கையில் மஞ்சள் பை, பையில் காரிய வீட்டு அதிரசம். கண் வீங்கியிருந்தது. ஹாலில் எல்லாரும் நிற்பதைப் பார்த்ததும், "இன்னும் யாருக்கு என்ன ஆச்சு?" என்றார்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகல ஐயா. உக்காருங்க," என்றாள் சிவசங்கரி. "பாட்டில் காணோம். உங்க பையன் கமலம்மா மேல புகார் குடுக்கப் போறாரு. அதுக்கு முன்னாடி நான் ரெண்டு வார்த்தை பேசணும். நின்னுக்கினு பேச முடியாது, நானும் உக்காந்துக்கறேன்."

உட்கார்ந்தாள்.

"திருட்டே நடக்கல. நேத்து மத்தியானம் ரெண்டே முக்காலுக்கு பாட்டில் அலமாரிக்குள்ளயே வெடிச்சிடுச்சு. நளினி கேட்டது அந்தச் சத்தம். கார்க் பறந்து மேல்தட்டுல இடிச்ச தழும்பு இருக்கு. கண்ணாடிச் சில்லு லட்சுமி படத்துல இருக்கு. கதவுக்குக் கீழ ஒழுகினதைப் பார்த்து, கமலம்மா சாவி எடுத்துத் திறந்து, கையைக் கிழிச்சிக்கினு எல்லாத்தையும் வாரித் துடைச்சு, வாசனை போறதுக்கு சாம்பிராணி போட்டா. இல்லியா?"

கமலம்மா தலையை ஆட்டினாள்.

"அத நேத்தே சொல்றதுக்கு என்ன?" என்று கத்தினான் சுனில்.

"எப்படிச் சொல்றது சின்னவரே? பெரியவரு தோஸ்தைப் பறிகொடுத்துட்டு காரியத்துக்குப் போயிருக்காரு. அன்னிக்கே வீட்டு சாமி ஒடைஞ்சு போச்சுன்னா மனசு தாங்குமா? காணோம்னா, எங்கனா இருக்குதுன்னு ஒரு நம்பிக்கை இருக்கும்ல."



"ஆனா ஸ்காட்ச் வெடிக்காது," என்றாள் சிவசங்கரி. "ரோட் ரோலர் விட்டு நசுக்கினாத்தான் உடையும். நானே ஆயிரக்கணக்குல நசுக்கியிருக்கேன். ஸ்காட்சுக்கு எறும்பும் வராது. எறும்பு வந்தது இனிப்புக்கு. அந்த வாசனை ஊறல் வாசனை. வெல்லத்தைத் தண்ணில கரைச்சு வெச்சா புளிச்சுப் பொங்குமே, சாராயம் காய்ச்சறவங்க பானைல வெப்பாங்களே, அது. ஏப்ரல்ல தோள் வரைக்கும் இருந்த சரக்கு போன வெள்ளிக்கிழமை கழுத்து வரைக்கும் ஏறியிருக்கு. எண்பத்தேழு வருஷமா இறங்கினது ஒரு மாசத்துல ஏறுமா?"

"அப்போ அவ புருஷன்தான்!" சுனில் விடவில்லை. "விஸ்கியைக் குடிச்சிட்டு வெல்லத் தண்ணிய ஊத்தி வெச்சிருக்கான்!"

"குடிக்கிறவன் டீ டிகாக்‌ஷன் ஊத்துவான் தம்பி. நிறம் அப்படியே இருக்கும், வெடிக்காது. வெல்லத் தண்ணி புளிக்கும்னு இந்த ஜில்லால குடிக்கிற ஒவ்வொருத்தனுக்கும் தெரியும். அதைக் கழுத்து வரைக்கும் நிரப்பி, அரக்கு வெச்சு இறுக்கி, மே மாசத்துல அலமாரிக்குள்ள வெக்கிறவரு யாரு? குடியப் பத்தி ஒண்ணுமே தெரியாதவரு. பூஜைல வெக்கிற பாத்திரம் குறைவா இருக்கக்கூடாதுன்னு கலசம் மாதிரி நிரப்பினவரு. எழுபது வருஷம் விஸ்கி வித்த குடும்பம். சரக்கு எப்படி உண்டாகுதுன்னு ஒருத்தருக்கும் தெரியல." அவள் பெரியவரைப் பார்த்தாள். "வெல்லம் நீங்க துன்னல. இல்லீங்களா ஐயா?"

தணிகாசலம் மஞ்சள் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதான்," என்றாள் சிவசங்கரி மெதுவாக.

"நான்தான்," என்றார்.

பையைக் கீழே வைத்தார். பிறகு அவரே பேசினார்.

"ராகவன் ஆஸ்பத்திரில கேட்டான்மா. 'தணிகா, இருநூறு பக்கம் எழுதிட்டேன், அது என்ன ருசின்னு மட்டும் எழுத முடியல, ஆதாரம் இல்ல'ன்னான். அவன் இதுவரைக்கும் எங்கிட்ட ஒண்ணுமே கேட்டதில்ல. எவ்வளவு குடிக்கணும்னு எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. அதனால எல்லாத்தையும் ஃப்ளாஸ்க்ல ஊத்திக்கினு போனேன். பாட்டில் காலியா இருந்தா சாமிக்கு ஆவாதேன்னு வெல்லத்தைக் கரைச்சு ஊத்தி, பார்சல் அரக்கு வெச்சு மூடினேன். மருந்து மூடியில ஆளுக்கு ஒண்ணு குடிச்சோம். அவ்வளவுதான் முடிஞ்சது."

"மிச்சம்?" சுனிலின் குரலில் சனிக்கிழமை தெரிந்தது.

"நர்ஸம்மா மோந்து பார்த்துட்டு, கஷாயம் கெட்டுப் போச்சுன்னு சிங்க்ல ஊத்திட்டாங்க. நாங்க ரெண்டு கிழவனுங்க. என்னன்னு சொல்லித் தடுக்கறது?"

சிவசங்கரிக்குச் சிரிப்பு வந்தது. அது வெளியே வரும்போது பெருமூச்சாக மாறிவிட்டது.

தணிகாசலம் எழுந்து கமலம்மா முன்னால் போய் நின்றார். கும்பிடக் கை எடுத்தவரை அவள் பதறிப்போய்த் தடுத்தாள். "ஐயோ, இன்னாங்க பெரியவரே! நீங்க வெல்லம் துன்றீங்கன்னு தெரு பூரா சொல்லிக்கினு திரிஞ்சேன். நான்தான் கும்பிடணும்."

சுனில் சுவரைப் பார்த்தபடி, "கமலம்மா, தப்பா நெனச்சுட்டேன்," என்றான். பிறகு, "பிரமிளாவ விசாரிக்க வந்தா, இந்த வீட்டு அட்ரஸையும் குடு. நான் சொல்றேன்," என்றான்.

"எங்கிட்டயும் கேக்கச் சொல்லு," என்றாள் சிவசங்கரி. "சட்டப்படி பார்த்தா இந்த வீட்ல நடந்த குற்றம் ஒண்ணே ஒண்ணு. லைசென்ஸ் இல்லாம ஊறல் போட்டது. அளவு ஒரு பாட்டில். குற்றவாளிக்கு சுகர். தடயத்தை எறும்பு துன்னுடுச்சு. ரிப்போர்ட் எழுத எனக்குத் தெம்பும் இல்ல."

"சனிக்கிழமை அந்த அம்மாவுக்கு நான் என்னத்தக் குடுப்பேன்?" என்றான் சுனில்.

சிவசங்கரி நீள நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து பெரியவரிடம் நீட்டினாள். "அவங்க கேக்கறது ருசிதானே? இந்த உலகத்துல அது இப்போ இங்க மட்டும்தான் இருக்கு. ஒரு குறைதான். முதலியாரோட காது மந்தத்துக்குக்கூட ஆதாரம் போட்டவரு இந்த வரிக்குப் போடல. பார்த்ததும் புரிஞ்சிடுச்சு, இது புத்தகத்துல பார்த்து எழுதினது இல்லன்னு. உங்களைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு விட்டிருக்காரு. நீங்க போட்டுடுங்க ஐயா."

தணிகாசலம் அந்த வரியை விரலால் தடவித் தடவி இரண்டு தடவை படித்தார். 'வேப்பம்பூ ரசம்' என்ற இடத்தில் விரல் நின்றது. அவர் முகத்தில் சின்னதாக ஒரு கோபம் வந்தது. பன்னிரண்டு நாளில் முதல் தடவையாக அவர் முகத்தில் உயிர் தெரிந்தது என்று நளினி பிறகு சொன்னாள்.

பேனா வாங்கி, பக்கத்தின் அடியில் ஒரு கோடு இழுத்து, நிதானமாக எழுதினார்.

'214. இருவர் நேரில் குடித்தது. மே 4, ஞாயிறு, திருப்பதி, படுக்கை எண் 14. சாட்சி: தணிகாசலம். ஆனால் அது வேப்பம்பூ ரசம் அல்ல, மிளகு ரசம். அன்றைக்கே சொன்னேன், அவன் கேட்கவில்லை.'